நாற்பத்தொன்றாவது சாவி

இந்த வீட்டின் சாவிகள் என்னிடம்தான்.
மொத்தம் நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டுக்குப் பூட்டு உண்டு,
இரண்டுக்குக் கதவே இல்லை.
மிச்சம் ஒன்றைப் பற்றிப் பிறகு.

கவர்னர் மாளிகை என்று வாசலில் பித்தளைப் பலகை.
கப்பல் கவிழாமலிருக்க
அடித்தளத்தில் பாரமாகப் போட்டுவந்த
கல்லால் கட்டியது.
லிஸ்பனிலிருந்து வரும்போது கப்பல்களுக்குக் கல்தான் சரக்கு.
போகும்போது அவை காலியாகப் போகவில்லை.
என் முகத்தைப் பார்த்தால் பாதி தெரியும்.

முதல் கவர்னர்
ஜன்னல் கண்ணாடி கேட்டுக் கடிதம் போட்டார்,
பதில் வருமுன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார்.
கண்ணாடி வந்தது. மூன்று அங்குலம் பெரிது.
அடுத்தவர் சுவரை இடிக்கச் சொன்னார்.
மேற்கு அறையில் இன்னமும் அந்த ஒட்டு இருக்கிறது,
சுண்ணாம்பு இரண்டு நிறத்தில்.

எங்கள் தீவில் மழை
சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளி இல்லை.
வந்தால் முதலில் இந்தக் கூரையில்தான் இறங்கும்,
ஊரிலேயே பெரிய கூரை.
ஓட்டுச் சரிவில் ஓடி
ஈயக் குழாயில் விழுந்து
நடனக் கூடத்துக்கு அடியில்
ஆறாள் ஆழத் தொட்டியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
மேலே பியானோ, மெழுகுவத்தி, பட்டுச் செருப்பு.
குதிகாலுக்குக் கீழே
கறுத்துக் குளிர்ந்து
ஊரின் தண்ணீர்.

பிறகு மூன்று வருஷம் வானம் வாய் திறக்கவில்லை.
மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள்
வடக்குச் சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள்.
நிழல் நகர்ந்தபோது சிலர் நகரவில்லை.
தொட்டிக்கு இரட்டைப் பூட்டு.
குதிரைக்கும் ரோஜாவுக்கும் அளந்து ஊற்றினார்கள்,
அளவெல்லாம் நல்ல கையெழுத்தில் இருக்கிறது.

அதே பேரேட்டில்தான் ஹெர்மெலிந்தாவைப் பார்த்தேன்.
சலவைக்காரி. மாதச் சம்பளத்துக்கு எதிரே
ஒரு பெருக்கல் குறி, அதுதான் கையொப்பம்.
அடுத்த பத்தியில்: விரிப்பு, நாளொன்றுக்கு முப்பது.

இரண்டே பேர் உறங்கிய வீடு.
முப்பது.

நான் கணக்குப்பிள்ளை மகன். எண் பொருந்தாவிட்டால்
எனக்குச் சோறு இறங்காது.
துறைமுகத்தில் வலை பின்னும் எவ்டாலியாவிடம் கேட்டேன்.
சிரித்தாள். உனக்குத் தெரியாதா என்றாள்.
சோப்பு காட்டாமல் நனைத்து,
பிழியாமல் சுருட்டி,
தலையில் தூக்கி வெளியே வருவாளாம், காயப்போட.
சுவரோரம் தகரக் குவளைகள் காத்திருக்கும்.
ஒவ்வொரு விரிப்பாக முறுக்குவாளாம்,
கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல.

வாசலில் சிப்பாய் ஒருநாள் நிறுத்தி
என்ன இவ்வளவு கனம் என்றானாம்.
பெரிய இடத்து அழுக்கு, ஐயா,
கனக்கத்தான் செய்யும் என்றாளாம்.

அவன் நம்பினானா, விட்டுவிட்டானா,
பேரேட்டில் இல்லை.
ஏப்ரலோடு அவள் பெருக்கல் குறியும் இல்லை.

கொடி மாறியது. ராணுவம் ஒரு வருஷம் தங்கி
கதவுகளை எரித்துச் சமைத்தது
(அந்த இரண்டு சாவி).
பிறகு மீன்வள இலாகா, பிறகு பூட்டு, பிறகு வௌவால்.
இப்போது கீழ்த்தளத்தில் பிறப்புப் பதிவு,
பக்கத்துக் கவுண்டரில் தண்ணீர் வரி.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துவிட்டது;
குழாயில் வருவது லேசாக மருந்து மணக்கும்.
சனிக்கிழமை கூடத்தில் கல்யாணங்கள்.
ஸ்பீக்கர் அதிர்ந்தால் தரை
உள்ளிருந்து ஒரு வினாடி பிந்திப் பதில் சொல்லும்.
பியானோ எப்போதோ உப்புக்காற்றில் ஊமையாயிற்று.

போன வாரம் தலைநகரிலிருந்து ஒரு பொறியாளர்.
தொட்டியை நிரப்பி ஜெனரேட்டர் வைக்கலாம் என்றார்,
அல்லது மேலே கண்ணாடி போட்டு
சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டலாம்.
மூடியைத் திறங்கள், அளவெடுக்க வேண்டும் என்றார்.

சாவி தொலைந்துவிட்டது என்றேன்.
என் சட்டைப்பையில்
அது கனத்துக்கொண்டிருந்தது.